கையிலிருந்து கைக்கு

மார்ச் 4

எஞ்சின் ஓட்டுநர் அவர்களுக்கு,

நிலையப் பொறுப்பாளர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். தங்களுடைய அண்ணி என்ற முறையில் அல்ல என்பதைத் தயவுசெய்து மனத்தில் கொள்ளவும்.

போன வார ஞாயிறு நமது பழைய ஆவி ரயில் ஆர்வலர் சங்கக் கூட்டத்தின் பாதியில் தாங்கள் எழுந்து போனீர்கள். போகும்போது கீழ் ஸ்டேஷனுக்கும் மேல் ஸ்டேஷனுக்கும் நடுவே உள்ள ஒற்றைப் பாதையின் டோக்கனையும் கொண்டு போய்விட்டீர்கள். தங்களுக்குத் தெரியாதது அல்ல, இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும்: அந்தப் பித்தளைத் தடி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அந்தப் பாதையில் வண்டி ஓட்டலாம். அது ஒன்றே ஒன்றுதான். இரண்டு இருந்தால் இரண்டு வண்டி எதிரெதிரே வந்துவிடும் என்பதால் ஒன்றோடு நிறுத்தியிருக்கிறார்கள். தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தால் புதிது செய்யலாம். ஆனால் அது தொலையவில்லை. தங்கள் பைக்குள் இருக்கிறது.

ஆகவே மேற்படி டோக்கனைப் பதிவுத் தபாலில் உடனே அனுப்பிவைக்கவும்.

இதுக்கு மேல இந்த பாஷை எனக்கு ஓடல. ஏண்டி, கோபம் வந்தா கதவை அறைஞ்சு சாத்து, ரெண்டு பாத்திரத்தைத் தூக்கிப் போடு, யார் வேண்டாம்னா? இருக்கிற ஒரே தடியையா தூக்கிட்டுப் போவாங்க? சனிக்கிழமை பிளாட்பாரம் முழுக்க ஆளுங்க. உன் ஆவி எஞ்சின் மாமியாருக்கு விடியறதுக்கு முன்னாடியே தீ மூட்டி ஆவி ஏத்தி வச்சாச்சு. வண்டி புஸ்ஸு புஸ்ஸுன்னு நிக்குது, கிளம்ப முடியல. நான்தான் ஒவ்வொரு குடும்பத்துக்கிட்டயும் போய் மன்னிப்புக் கேட்டு அனுப்பி வச்சேன்.

உங்க அண்ணன் ரயில் பெட்டி ரிப்பேர் பண்ற கொட்டகைக்குள்ள போய் இழைப்புளியைப் பிடிச்சவர், இன்னும் வெளியே வரல. "அவ போய்ச் சேர்ந்தாளான்னு கேளு"ன்னார். நீங்களே எழுதுங்களேன்னேன். "மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி"ன்னு சொல்லிட்டு மறுபடி இழைக்க ஆரம்பிச்சிட்டார். போய்ச் சேர்ந்தியா?

நிலையப் பொறுப்பாளர்

*

மார்ச் 11

நிலையப் பொறுப்பாளருக்கு இல்ல, அண்ணிக்கு,

போய்ச் சேர்ந்துட்டேன்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க. பஸ்ஸு, அப்புறம் படகு. கப்பல் பழுது பார்க்கிற பட்டறையில பாய்லர் வெல்டிங் வேலை. ரொம்ப நாளா கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. மாமியாரை விட்டுட்டு வர முடியாதுன்னு நான்தான் சாக்கு சொல்லிக்கிட்டிருந்தேன். அறை சின்னது. ஜன்னலைத் திறந்தா ஏதாவது ஒரு கப்பலோட வயிறு தெரியும்.

டோக்கன் பையிலதான் இருந்துச்சு, ஓவராலுக்குள்ள மறைஞ்சுக்கிட்டு. சத்தியமா தெரியாம எடுத்ததுதான். அன்னைக்குக் கடைசி ஓட்டம் முடிச்சு நேரா கூட்டத்துக்கு வந்தேன். உங்க கையில கொடுக்கணும்னு மடியிலேயே வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அதுக்குள்ள தலைவர் அந்தப் பேச்சை எடுத்தார். டீசல் எஞ்சினுக்குத் தகரத்துல ஒரு புகைபோக்கி வச்சு, கறுப்பு பெயின்ட் அடிச்சு, ஸ்பீக்கர்ல கூ-ன்னு சத்தம் போட வச்சு ஓட்டலாமாம். மாமியாரை ஸ்டேஷன் வாசல்ல பூந்தொட்டிக்கு நடுவுல நிறுத்தி வச்சுடலாமாம். இரவல் சட்டை போட்ட மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வந்து, வீட்டு மனுஷியைத் திண்டாட விடறது. இதுக்கு யாரு முதல்ல கை தூக்கினாங்கன்னு நிமிர்ந்து பார்த்தா, நீங்க. அதுக்கப்புறம் யாருக்கு டோக்கன் ஞாபகம் இருக்கும்?

தபால்ல அனுப்ப முடியாது. விதிப் புத்தகத்தைத் தூக்கத்துலகூட சொல்றவங்க நீங்க. டோக்கன் கையிலிருந்து கைக்குத்தான் மாறணும். வீசக் கூடாது, வச்சுட்டுப் போகக் கூடாது, மூணாவது ஆள்கிட்ட கொடுத்தனுப்பக் கூடாது. தபால்காரர் மூணாவது ஆள்தானே? அவர் சனி ஞாயிறு நம்ம வண்டிக்குக் கரி அள்ளிப் போடறவரா இருந்தாலும் விதி விதிதான். அந்த டீசல் திட்டம் குப்பைக்குப் போற அன்னைக்குச் சொல்லுங்க, நேர்ல வந்து கொடுக்கிறேன்.

"அந்த வண்டியை விட்டா உனக்கு வேற வாழ்க்கையே இல்லையா"ன்னு அத்தனை பேர் முன்னாடி கேட்டீங்க. வேற வாழ்க்கை தேடித்தான் வந்திருக்கேன். எப்படி இருக்குன்னு அப்புறம் சொல்றேன்.

உங்க நாத்தனார்

*

மார்ச் 18

என் அருமை நாத்தனாருக்கு (இதைப் பல்லைக் கடிச்சுக்கிட்டு எழுதறேன்),

என்கிட்டயே விதி பேசறியா? சரி, நீ படிக்காத பக்கம் ஒண்ணு இருக்கு. டோக்கன் கைக்கு வராத நேரத்துல ஒரு மனுஷரையே டோக்கனா நியமிக்கலாம். அவர் கையில சிவப்புப் பட்டை கட்டிக்கணும். அவர் ஏறினாத்தான் வண்டி கிளம்பலாம், அவர் இறங்கினா பாதை மூடிச்சு. ஒரு ஆளு ஒரே நேரத்துல ரெண்டு வண்டியில இருக்க முடியாதில்ல, அதுதான் கணக்கு.

விதி முழுக்கத் தெரிஞ்ச ஆளா இருக்கணும்னு தலைவர் சொன்னார். எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. நான் பின்னாடி திரும்பிப் பார்த்தேன். பின்னாடி சுவர்தான் இருந்துச்சு.

இத்தனை வருஷம் அந்த வண்டிக்குக் கொடி காட்டியிருக்கேன், ஒரு நாள்கூட அதுல ஏறினதில்ல. உனக்குத்தான் தெரியுமே, சலவைப் புடவையில ஒரு புள்ளி பட்டாலே எனக்குச் சோறு இறங்காது. நீ கல்யாணமும் வேண்டாம், மாமியார் தொல்லையும் வேண்டாம்னு இருந்துட்டு, கடைசியில இரும்புலயே ஒரு மாமியாரைத் தேடிக்கிட்டேன்னு நான் கேலி பண்ணினதுதான் அந்த எஞ்சினுக்குப் பேராவே நின்னுடுச்சு. விடியறதுக்கு முன்னாடி எழுந்து அடுப்பு மூட்டணும், சாம்பல் அள்ளணும், துடைச்சு விடணும், போடப் போட வயிறு நிறையாது, எவ்வளவு செஞ்சாலும் உஸ்ஸுன்னு ஒரு சலிப்பு. இப்ப அந்த மாமியாருக்கு வாழ்க்கைப்பட்டிருக்கறது நான்.

நீ இல்லாத குறைக்கு ஓட்டறது பல் டாக்டர். நல்ல மனுஷர், ஆனா ஒவ்வொரு தடவை பிடியைத் திறக்கும்போதும் "லேசா வலிக்கும்"னு சொல்ற மாதிரி ஒரு முகம். தபால்காரர் கரி போடறார். நான் ஒரு மூலையில, கம்பியை ரெண்டு கையால பிடிச்சுக்கிட்டு. முன்னாடி நெருப்பு, பின்னாடி காத்து. ஒரு பக்கம் வேகுது, ஒரு பக்கம் விறைக்குது. மேல் ஸ்டேஷன் போய் இறங்கி மூஞ்சியைத் துடைச்சேன். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கைக்குட்டையைப் பார்த்து உங்க அண்ணன் சிரிச்சார். நீ போன பிறகு இந்த வீட்டுல கேட்ட முதல் சிரிப்பு.

இதெல்லாம் உன்னாலதான். டோக்கனை அனுப்பு.

மனுஷ டோக்கன்

*

மார்ச் 26

அண்ணி,

உங்க கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்துல படிச்சேன். சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறி, பக்கத்துல இருந்த கிரேன் ஓட்டறவ முதுகுல தட்ட வேண்டியதாப் போச்சு. நீங்களா, எஞ்சின்லயா, மூலையில நின்னுக்கிட்டா? அதுக்காகவே இன்னும் ஒரு மாசம் டோக்கனை வச்சுக்கலாம் போல இருக்கு.

மூலையில நிக்காதீங்க. இடது பக்கம் ஒரு மடக்குப் பலகை இருக்கு, அதுல உட்காருங்க. புடவை வேண்டாம். தலையில துணி கட்டிக்கோங்க. தபால்காரர் கரி அள்ளித் திரும்பும்போது காலை உள்ளே இழுத்துக்கோங்க.

இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எஞ்சின் எல்லாத்துக்கும் மூடி. உள்ளே என்ன நடக்குதுன்னு ஒரு விளக்கு எரியும், பச்சைன்னா சரி, சிவப்புன்னா தப்பு. நாள் முழுக்க விளக்கைப் பார்த்துக்கிட்டிருக்கேன்.

நாத்தனார்

*

ஏப்ரல் 8

நாத்தனாருக்கு,

மடக்குப் பலகையில உட்கார்ந்துதான் போறேன். உங்க அண்ணனோட பழைய சட்டை, பழைய பேன்ட். பார்க்கறதுக்குத் திருடன் மாதிரி இருக்கேன்.

ஒண்ணு சொல்லணும், கேலி பண்ணாதே. ஸ்டேஷன்ல இருந்த வரைக்கும் வண்டி கிளம்பறதும் திரும்பி வர்றதும்தான் எனக்குத் தெரியும். நடுவுல என்ன நடக்குதுன்னு தெரியாது. நடுவுல ஜனங்க கை ஆட்டறாங்க.

உனக்கு அது பழகிப் போயிருக்கும். எனக்குப் புதுசு. மாடியில துணி காயப்போடற ஒருத்தி, வாயில கிளிப்பைக் கவ்விக்கிட்டு ரெண்டு கையையும் ஆட்டறா. பள்ளிக்கூட மதில் மேல பசங்க, சரி. ஆனா கேட்ல ஒரு லாரிக்காரன், நேரமாச்சுன்னு ஹார்னை அழுத்தி மானத்தை வாங்கிக்கிட்டு இருந்தவன், நாங்க பக்கத்துல வந்ததும் ஹார்னை விட்டுட்டு ஜன்னல் வழியா உடம்பைப் பாதி வெளியே நீட்டிக் கை ஆட்டறான். கோட்டும் சூட்டும் போட்ட ஒரு ஆளு காரை ஓரமா நிறுத்தி இறங்கி, யாராவது பார்க்கறாங்களான்னு சுத்தும் முத்தும் பார்த்துட்டு ஆட்டறார். இவங்க யாரும் ஆவி வண்டி ஓடின காலத்துல பிறந்தவங்க இல்ல. பழசை நினைச்சு உருகறாங்கன்னு தலைவர் சொல்வாரே, அது இல்ல. நினைச்சு உருக அவங்களுக்கு எதுவும் இல்ல. பின்ன எதுக்கு ஆட்டறாங்கன்னு ரெண்டு வாரமா யோசிக்கிறேன்.

நானும் திருப்பி ஆட்டறேன். முதல்ல ஒரு கை. இப்ப ரெண்டும்.

இன்னொரு சமாச்சாரம். பாய்லருக்குத் தண்ணி ஏத்தற அந்த இஞ்செக்டர் சண்டித்தனம் பண்ணுது. மேட்டுல ஏறும்போது தண்ணியைப் பிடிக்காம வெளியே கக்குது. பல் டாக்டர் வேர்த்து விறுவிறுத்துப் போறார். கண்ணாடிக் குழாயில தண்ணி மட்டம் இறங்கறதை நானும் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கேன். ஞாயித்துக்கிழமை ஒரு வழியாப் பிடிச்சுது. உனக்கு ஏதாவது தெரியுமா? தெரியும்னு தெரியும். எழுது.

அடுத்த ஞாயிறு டீசல் வருது, ஒரு நாள் ஓட்டிப் பார்க்க. சொல்லாம மறைச்சேன்னு நீ நினைக்கக் கூடாதுன்னு சொல்றேன்.

அண்ணி

*

ஏப்ரல் 13

அண்ணி,

இதை அவசர அஞ்சல்ல அனுப்பறேன். படிச்சதும் பல் டாக்டருக்கும் படிச்சுக் காட்டுங்க.

இஞ்செக்டர் சூடாயிட்டா பிடிக்காது. மாமியாரோட இஞ்செக்டர் நெருப்புப் பக்கம் ஒட்டிக்கிட்டு இருக்கறதால வெயில் காலத்துல இந்த வம்பு வரும். ஒரு சாக்குத் துண்டை வாளித் தண்ணியில நனைச்சு எப்பவும் கைக்கெட்டற இடத்துல வச்சிருங்க. கக்க ஆரம்பிச்சதும் ஆவியை மூடிட்டு, ஈரச் சாக்கை அது மேல சுத்துங்க. அவசரப்படாதீங்க. அது குளிரணும். அப்புறம் முதல்ல தண்ணி, பிறகு ஆவி, மெதுவா, குழந்தைக்கு மருந்து புகட்டற மாதிரி. பிடிச்சுதுன்னா சத்தம் மாறும். அதுவரைக்கும் சளபுளன்னு இருந்தது, ஒரே சீரா ஒரு பாட்டு மாதிரி ஆகும். காதுல கேட்டதும் உங்களுக்கே தெரியும். ரெண்டாவது தடவையும் பிடிக்கலேன்னா, கண்ணாடியில தண்ணி அடிமட்டத்தைத் தொடறதுக்கு முன்னாடி தீயைக் கீழே தள்ளிடச் சொல்லுங்க. வண்டி நடு வழியில நின்னா நிக்கட்டும். மானம் போனா பரவாயில்ல, பாய்லர் போகக் கூடாது.

இதை எழுதி முடிச்சுட்டுப் பார்த்தா, கை கரி ஆன மாதிரி தேய்ச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். பைத்தியம்.

இங்க என்னை நிரந்தரமாவே வச்சுக்கறேன்னு சொல்றாங்க. மே கடைசிக்குள்ள கையெழுத்துப் போடணும். நல்ல வேலைதான் அண்ணி. யாரும் கத்தறதில்ல, விடியறதுக்கு முன்னாடி எழுந்திருக்க வேண்டாம். ஞாயித்துக்கிழமை லீவு. லீவுல என்ன பண்றதுன்னுதான் தெரியல. போன ஞாயிறு டோக்கனை எடுத்துப் பாலிஷ் போட்டேன்.

டீசல் எப்படி ஓடிச்சுன்னு எழுத வேண்டாம். எழுதினா படிப்பேன்.

நாத்தனார்

*

ஏப்ரல் 28

நாத்தனாருக்கு,

எழுதறேன், படி.

டீசல் நல்லாத்தான் ஓடிச்சு. பொய் சொல்ல மாட்டேன். சாவியைத் திருப்பினாங்க, கிளம்பிடுச்சு. புகை இல்ல, சாம்பல் இல்ல. நானும் பட்டையைக் கட்டிக்கிட்டு ஏறி உட்கார்ந்தேன். உள்ளே மெத்தை போட்ட நாற்காலி. ஸ்பீக்கர்ல ஆவி வண்டி சத்தம். நம்ம மாமியாரோட சத்தத்தையே பதிவு பண்ணி வச்சிருந்தாங்க. பாதி வழியில அந்த ஸ்பீக்கர் சிக்கிக்கிட்டு, வண்டி நின்ன பிறகும் கூ கூன்னு விடாம கத்திக்கிட்டே இருந்துச்சு. கடைசியில உங்க அண்ணன் ஒயரைப் பிடுங்கினார். ரொம்ப ஆசையாப் பிடுங்கின மாதிரிதான் எனக்குப் பட்டுச்சு.

ஆனா சிரிப்பு அதுல இல்ல. நான் ரெண்டு பக்கமும் பார்த்துக்கிட்டே வந்தேன். துணி காயப்போடறவ நிமிர்ந்து பார்த்தா, திரும்பிக்கிட்டா. கேட்ல ஹார்ன் அடிச்சவன் அடிச்சுக்கிட்டே இருந்தான். ஒரு கை ஆடல. நான் நாலஞ்சு பேருக்கு ஆட்டிப் பார்த்தேன், என்னை ஏதோ கிறுக்குன்னு நினைச்சிருப்பாங்க. சாயம் அதே கறுப்பு, சத்தமும் மாமியாரோடதுதான், தூரத்துல இருந்து பார்த்தா வித்தியாசம் தெரியாது. எப்படியோ அவங்களுக்குத் தெரிஞ்சுடுச்சு.

அன்னைக்குத்தான் எனக்கு விடை கிடைச்சுது. மாமியார் பாடுபடறது வெளியே தெரியுது. மேட்டுல மூச்சு வாங்குது, இறக்கத்துல பெருமூச்சு விடுது, நிக்கும்போதுகூட சும்மா நிக்கல. அது பக்கத்துல ஒரு ஆளு வேர்வையோட அள்ளிப் போடறதும் தெரியுது. நம்ம வீட்டு விளக்கு, லிஃப்ட், போன் எல்லாம் நமக்காகப் பாடுபடறதுதான், ஆனா ஒண்ணும் காட்டிக்கறதில்ல. நீ சொன்ன மாதிரி பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு. கண்ணு முன்னால ஒண்ணு கஷ்டப்பட்டு மேடு ஏறும்போது, "ஏறிடு, ஏறிடு"ன்னு சொல்ல மனசு வருது. அதைத்தான் கையால சொல்றாங்க. இது எனக்குத் தோணினது. நீ இதை என்னைக்கோ கண்டுபிடிச்சிருப்பே, எனக்கு இவ்வளவு நாளாச்சு.

போன சனிக்கிழமை, வண்டி முழுக்க ஆளு, மேட்டுல இஞ்செக்டர் கக்கிடுச்சு. பல் டாக்டர் என்னைப் பார்த்தார். நான் உன் கடிதத்தைப் பார்த்தேன், சட்டைப் பையிலதான் வச்சிருக்கேன். ஈரச் சாக்கைச் சுத்தினேன். கை சுட்டுச்சு. தண்ணி முதல்ல, ஆவி பிறகுன்னு நான் சொல்லச் சொல்ல அவர் திறந்தார். சத்தம் மாறிச்சு. நீ சொன்ன மாதிரி, கேட்டதும் எனக்கே தெரிஞ்சுது. தபால்காரர் கரித் தட்டை ஒரு தட்டு தட்டினார். எனக்கு அழுகை வந்துடுச்சு, புகைன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

மே பத்தாம் தேதி ஓட்டெடுப்பு. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். "வேற வாழ்க்கையே இல்லையா"ன்னு நான் கேட்டது தப்பு. ஆனா நீ பதிலுக்கு என்ன சொன்னேன்னு உனக்கு ஞாபகம் இருக்கா? "கட்டிக்கிட்டு வந்தவங்களுக்கு இந்த வண்டியைப் பத்தி என்ன தெரியும்"னே. நான் இந்த வீட்டுக்கு வந்த அன்னைக்கு, பெரியவங்க எல்லாரும் ஏதோ வேலையா இருக்க, நீ மட்டும் கரிக் கையோட வாசலுக்கு ஓடி வந்து "வாங்க அண்ணி"ன்னே. அந்த ஒரு வார்த்தையை வச்சுக்கிட்டுத்தான் நான் இங்க காலூன்றினேன். அதே வாயால "வந்தவங்க"ன்னு சொல்லிட்டியே.

கை சரியாயிடுச்சு, கவலைப்படாதே.

அண்ணி

*

மே 5

அண்ணி,

இதோட ஒரு பார்சலும் வருது. பதிவுத் தபால், நீங்க முதல்ல கேட்ட மாதிரி. உள்ளே என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்.

விதியை மீறித்தான் அனுப்பறேன். தெரியாம எடுத்தது உண்மை. ஆனா உங்க முதல் கடிதம் வந்ததுமே திருப்பிக் கொடுத்திருக்கணும். நான் இல்லாம அந்த வண்டி நகராதுன்னு ஒரு கொழுப்பு. அதை வச்சு உங்களை மிரட்டினேன். கடைசியில பார்த்தா என் தடி இல்லாமலே வண்டி ஓடுது, என் கை இல்லாமலே இஞ்செக்டர் பிடிக்குது. அதுக்கு சந்தோஷப்படணும். பாதி சந்தோஷம்தான் படறேன்.

"வந்தவங்க"ன்னு சொன்னதை நான் மறக்கல. சொன்ன நிமிஷத்துல இருந்தே நாக்கு கசக்குது. வாசல்ல கூப்பிட்டதை நீங்க இத்தனை நாள் வச்சிருப்பீங்கன்னு எனக்குத் தெரியாது. நான் ஏதோ சாதாரணமாத்தான் கூப்பிட்டேன். மன்னிச்சுடுங்க.

பத்தாம் தேதி நீங்க எதுக்குக் கை தூக்கினாலும் எனக்கு வருத்தம் இல்ல. நான் இங்க கையெழுத்துப் போட்டுடலாம்னு இருக்கேன். யாரையும் கட்டாயப்படுத்தி வாழ முடியாது, மாமியாரா இருந்தாலும் சரி, அண்ணியா இருந்தாலும் சரி. அண்ணனைச் சட்டைப் பொத்தானைச் சரியாப் போடச் சொல்லுங்க.

நாத்தனார்

*

மே 12

ஏண்டி,

பார்சல் உன்கிட்டயே திரும்பி வரும். நான் கையெழுத்துப் போட்டு வாங்கல. தபால்காரர் வாசல்ல நின்னுக்கிட்டு, "அம்மா, உள்ளே என்னன்னு எடையிலயே தெரியுது, வாங்கிக்கோங்க"ன்னு கெஞ்சினார். டோக்கன் கையிலிருந்து கைக்குத்தான் மாறணும், நீங்க மூணாவது ஆளுன்னேன். "சனி ஞாயிறு நானும் வண்டியிலதானேம்மா இருக்கேன்"னார். இன்னைக்குச் செவ்வாய்க்கிழமைன்னேன். தலையைச் சொறிஞ்சுக்கிட்டே எடுத்துட்டுப் போனார்.

இப்ப ஓட்டெடுப்பு. தலைவர் எழுந்து, டீசல்னா சாவியைத் திருப்பினா போதும், ஆவி வண்டிக்கு எத்தனை பேர், எத்தனை பாடுன்னு நியாயமாத்தான் பேசினார். அவர் மேல எனக்குக் கோபம் இல்ல. நான் எழுந்தேன். "அது பாடுபடறதைப் பார்க்கத்தான் சார் வர்றாங்க"ன்னேன். மேல பேச நிறைய வச்சிருந்தேன், அதுவே போதும்னு உட்கார்ந்துட்டேன். உடனே பல் டாக்டர் எழுந்தார். "என்கிட்ட வர்றவங்க ஒருத்தரும் மனசார வாயைத் திறக்கறதில்ல. இந்த வண்டி முன்னாடிதான் அத்தனை பேரும் தானா வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கறதைப் பார்க்கறேன். எனக்கு அது வேணும்"னார். கூட்டமே சிரிச்சுது. தலைவரும் சிரிச்சார்.

மாமியாருக்காகக் கை தூக்கச் சொன்னப்போ உங்க அண்ணன் ரெண்டு கையையும் தூக்கினார். ஒரு ஆளுக்கு ஒரு கைதான்னாங்க. "இன்னொண்ணு என் தங்கச்சியோடது"ன்னார். மூணு மாசத்துல அந்த மனுஷர் பொதுவுல பேசினது அவ்வளவுதான்.

மாமியார் ஓடறா. பூந்தொட்டி இல்ல. ஆனா நீயும் ஒண்ணு விட்டுக் கொடுக்கணும். டீசலைத் திருப்பி அனுப்பல. அதோட தகரச் சட்டையைக் கழட்டியாச்சு, ஸ்பீக்கரும் போச்சு. அது பின்கட்டுல பெட்டி தள்ளட்டும், மாமியார் படுத்துட்டா போய் இழுத்துட்டு வரட்டும். சொந்த முகத்தோட பார்த்தா பாவம், நல்ல பையனாத்தான் இருக்கான்.

அங்க கையெழுத்துப் போட்டுட்டியா? போட்டிருந்தா எழுதாதே, எனக்குத் தாங்காது. போடலேன்னா, டோக்கனை எடுத்துக்கிட்டு நேர்ல வா. ஒரு விஷயம் மட்டும் மனசுக்குள்ள உறுத்துது, அதையும் சொல்லிடறேன். டோக்கன் வந்துட்டா விதிப்படி மனுஷ டோக்கனுக்கு வேலை இல்ல. நான் பட்டையைக் கழட்டிட்டு இறங்கணும். மறுபடி பிளாட்பாரத்துல கொடியோட நிக்கணும். அந்தக் கை ஆட்டறதெல்லாம் இனிமே எனக்குத் தெரியாது. அதுக்காக வராம இருந்துடாதே. இறங்கிக்கறேன். நீ வா.

அண்ணி

*

மே 20

அண்ணி,

பார்சல் நேத்து வந்துச்சு. மேல "பெற மறுத்தார்"னு முத்திரை. கிரேன் ஓட்டறவ பார்த்துட்டு, "யாரு உன்னை வேண்டாம்னு சொன்னது"ன்னு கேட்டா. வேணும்னு சொல்றாங்கன்னேன். அவளுக்குப் புரியல.

கையெழுத்துப் போடல. பேனா கையில இருந்துச்சு, போடல. டீசல் மாப்பிள்ளையைப் பின்கட்டுல வச்சதுக்குச் சம்மதம். ஆனா மாமியாரைப் பார்த்து அவன் ஒரு நாள் ஸ்பீக்கர் வச்சு ஊளையிட்டான்னா நான் பொறுப்பில்ல.

சனிக்கிழமை முதல் வண்டிக்கு முன்னாடி வந்துடுவேன். பிளாட்பாரத்துல கையை நீட்டிக்கிட்டு நில்லுங்க. டோக்கனை உங்க கையில வைக்கிறேன். விதிப்படி நீங்க அதை வாங்கிப் பார்த்துட்டு, திருப்பி ஓட்டுநர் கையில கொடுக்கணும். அதாவது என் கையில. பட்டையைக் கழட்டுங்க, தப்பில்ல. ஆனா இறங்க வேண்டாம். தபால்காரர் ஒத்தை ஆளாக் கரி போட்டு இடுப்பு போச்சுன்னு எனக்குத் தனியாக் கடிதம் போட்டிருக்கார். மாமியாரோட இஞ்செக்டரைப் பிடிக்க வச்ச ஆளு அந்த வண்டியில எனக்கு வேணும். இங்க கடையில உங்க அளவுக்கு ஒரு ஓவரால் வாங்கியிருக்கேன், கறுப்பு. புள்ளி பட்டாலும் தெரியாது. கொடி காட்டறதுக்குத் தலைவரை நிறுத்திக்கலாம், போகும்போது அவருக்கும் கை ஆட்டலாம்.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. இந்தத் தடவை வெளியில இருந்து வந்தவ நான்தான். கரிக் கையா இருந்தாலும் பரவாயில்ல, வாசலுக்கு வந்து "வா"ன்னு ஒரு வார்த்தை கூப்பிடுங்க அண்ணி.

உங்க நாத்தனார்